பேர்தான் நாய்

பாலூட்டி அக்காவைப் போல மனிதர்களை எடைபோடுகிற ஆள் விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. ஊர், படிப்பு, வேலை எதையும் விசாரிக்க மாட்டார். பல்லைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். பிறகு நீங்கள் என்ன விலங்கு என்று உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

திண்டிவனத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸும் கதைப் புத்தகமும் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகத்தில் நான் பக்கம் வடிவமைக்கிறேன். சிறுவர்களுக்குக் காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுவதற்காக அக்காவை வேலைக்கு வைத்தார்கள். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எல்லாரையும் ஏதோ ஒரு பாலூட்டி விலங்காகவே பார்ப்பதால் ஆபீஸில் நாங்கள் வைத்த பேர்தான் பாலூட்டி அக்கா. சேர்ந்த அன்றே என் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நீ முயல்டா தம்பி."

"ஏன்க்கா?"

"முயலுக்கு கண்ணு ரெண்டும் ஓரமா இருக்கும். தலைய திருப்பாமலே பின்னாடி வர்றவன பாத்துடும். நீயும் மொதலாளி வர்றத திரும்பாமலே தெரிஞ்சிக்கினு செல்போன உள்ள வெச்சிட்ற. நல்ல தகவமைப்பு."

பிழைப்பதற்குத் தோதாக உடம்பும் பழக்கமும் அமைவதற்குப் பாடப்புத்தகம் வைத்த பேர் தகவமைப்பு. அக்கா அதைக் காட்டோடு நிறுத்தவில்லை. பஸ் கண்டக்டர் சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து இரண்டு கையையும் விட்டு நிற்பது தகவமைப்பு. எங்கள் ஆபீஸில் கணக்கு பார்க்கிறவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்கியும் கீழே விழாமல் இருப்பது அதைவிடப் பெரிய தகவமைப்பு. "வௌவால் தொங்கறப்ப அதோட காலு தானா பூட்டிக்கும். இவருக்கும் எங்கியோ ஒரு பூட்டு இருக்குது" என்று சொல்லி அந்த மனிதரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அன்றிலிருந்து மாடிக்குப் போய்த்தான் தூங்குகிறார்.

எதையும் செய்து பார்க்காமல் எழுத மாட்டார் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. முள்ளம்பன்றிக்கு ஆபத்து வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாக ஓடிப்போய் எதிரியைக் குத்துமாம். கொண்டையில் ஆபீஸ் பென்சில்களை எல்லாம் செருகிக்கொண்டு அக்கா வராந்தாவில் பின்னோக்கி ஓடினார். எதிரே டீக்கடைக்காரர் தட்டோடு வந்துகொண்டிருந்தார். டீ மொத்தமும் அவர் சட்டையில். அக்கா திரும்பிப் பார்த்து ஆவலாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"குத்துச்சா?"

முதலாளி ஓமந்தூர்க்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரத்திலிருந்து புத்தக வியாபாரத்துக்கு வந்தவர். நல்ல மனுஷன்தான், ஆனால் சிங்கப் பைத்தியம். அவருக்கும் அக்காவுக்கும் தினமும் ஒரே சண்டை.

"அட்டையில சிங்கம் போடுமா."

"நம்மூர்ல சிங்கம் ஏது சார்? கிளியனூர் பக்கம் போனா நரி இருக்குது, கீரி இருக்குது. புள்ளைங்க புஸ்தகத்த மூடிட்டு வெளிய போய் பாக்கற மாதிரி இருக்கணும்."

"கீரிய பாத்து எவன்மா புஸ்தகம் வாங்குவான்?"

"நான் இருக்கற வரைக்கும் இந்த புஸ்தகத்துல சிங்கம் கெடையாது சார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆபீஸில் ஒரு வாசனை கிளம்பியது. அசல் பாசுமதி அரிசி வேகிற வாசனை. யாரோ தனக்கு மட்டும் பிரியாணி வாங்கி ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். மூக்கை உயர்த்தி மோந்து பார்த்த அக்கா, ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினார். எங்கள் பேப்பர் கட்டுகளை அங்கேதான் அடுக்கியிருந்தோம். இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"மரநாய்! அதோட வாசனைதான் இது. பேப்பர் கட்டுக்கு பின்னாடி குட்டி போட்டுருக்குது. இன்னும் கண்ணு தொறக்கல."

முதலாளி காதில் நாய், குட்டி என்ற இரண்டு சொற்கள்தான் விழுந்தன. உடனே போனை எடுத்து நாய் பிடிக்கிற வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

சுருக்குக் கம்போடு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

"நாயி எங்கங்க?"

"பரண்ல" என்றார் முதலாளி.

மூத்தவர் பரணைப் பார்த்தார். சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

"ஏணியில ஏறிச்சிங்களா?"

அக்கா ஓடிவந்து ஏணிக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "பேருதாங்க நாயி. இது புனுகுப் பூனைக்கு சொந்தம். நகத்த பாதி உள்ள இழுத்துக்கும், கூரா வெச்சிருக்கும், அதான் தூணுல ஏறுது. எந்த நாயாவது நகத்த உள்ள இழுக்குமா?"

"அப்ப பூனையா?"

"பூனையும் இல்ல. காட்டு விலங்கு. தொட்டா கேஸ் ஆயிடும்."

"நாயும் இல்ல, பூனையும் இல்லன்னா எங்கள ஏங்க கூப்ட்டீங்க? வாடா, ஜல்தி வண்டிய எடு" என்று மூத்தவர் கம்பைத் தோளில் போட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள நாய் கடிச்சதே இல்லியே?"

"ஒருவாட்டி கூட இல்லீங்க."

"நீங்க கீரிங்க. பாம்பு கொத்தறதுக்கு முந்தி நகந்துடும்."

மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி போனது, முதலாளி போகவில்லை. "பேப்பர் பூரா நாசமாவுதும்மா, எனக்கு பேஜாரா இருக்குது. கையால தொட வேணாம். சாயங்காலம் கீழ புகை போட சொல்றேன். தானா ஓடிடும்."

"தாய் ஓடிடும் சார். குட்டி?"

முதலாளி மேஜை மேல் இருந்த பில்களைப் புரட்டினார். அக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து ஒரு விலங்கின் பேர்கூட வராத நேரம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பிறகு எழுந்து முதலாளி மேஜைக்கு வந்தார்.

"அட்டையில சிங்கத்த போட்டுக்கங்க சார்."

"இன்னாது?"

"சிங்கம். பிடரியோட பெருசா போட்டுக்கங்க. குட்டிங்களுக்கு கண்ணு தொறந்து, தாயே தூக்கிக்கினு போற வரைக்கும் பரண்ல யாரும் ஏறக்கூடாது. புகையும் கூடாது."

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "புஸ்தகத்துக்கு உள்ள?"

"உள்ளயும் ரெண்டு பக்கம் எழுதித் தர்றேன்."

குரல் உடைந்துவிட்டது. அந்தப் புத்தகம் அவருக்கு எவ்வளவு பெரிசு என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். முதலாளி ஒத்துக்கொண்டார். புதிதாக வந்த பேப்பரைத் தன் பழைய மல்லாட்டை மண்டியில் இறக்கச் சொன்னார். நான் அட்டை செய்தபோது அக்கா என் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. "பல்லாவது சரியா இருக்குதா பாரு" என்று மட்டும் சொன்னார்.

மரநாய் கிளம்பிய அன்று அவர் ஆபீஸில் இல்லை. காய்ச்சலோடு விழுப்புரத்தில் படுத்திருந்தார். பொழுது சாய்கிற நேரம், நான் ஜன்னலைச் சாத்தப்போனபோது தூணில் ஏதோ இறங்கியது. வாயில் ஒரு குட்டி. உடனே போன் போட்டு ரகசியக் குரலில் சொன்னேன்.

"எங்க கவ்விக்கினு இருக்குது?"

"பின்கழுத்து தோலுலக்கா."

"குட்டி கால மடக்கிக்கிச்சா? அசையாம இருக்குதா?"

"ஆமாக்கா."

"அதான்டா, அதான்! துள்ளனா தாயி வுட்டுடும் இல்ல, அதுக்குத்தான்!"

ஒவ்வொரு குட்டியாக மதில் தாண்டிப் பின்னால் இருந்த பனந்தோப்புக்குப் போயிற்று. "கடைசிக் குட்டியும் போச்சுக்கா" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. இவ்வளவும் செய்த மனுஷி இதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை.

"மதில் மேல நின்னு நம்ம ஆபீஸ ஒருவாட்டி திரும்பிப் பாத்துதுக்கா" என்றேன். அது எங்கே பார்த்தது? பின்னால் நாய் துரத்துகிற மாதிரி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டிருந்தது.

"போடா. மரநாய் அப்டிலாம் பாக்காது" என்றார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "நெஜமாவா பாத்துது?" என்று கேட்டார்.

"பாத்துதுக்கா" என்றேன். மறுபடி கேட்டிருந்தால் மறுபடியும் அதையேதான் சொல்லியிருப்பேன்.