ஐந்தாவது கோடு

எத்தாளை,
வியாழக்கிழமை.

கண்ணியத்துக்குரிய சம்பந்தி முபாரிஸ் ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் முதலாம் திகதி, மூன்று நாள் யோசனைக்கும் இரண்டு ரக்அத் தொழுகைக்கும் பின், எனது ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை இனிமேல் பக்கத்தின் அடியில் இடாமல் கட்டுரையின் முடிவில் ஒன்றாக இடுவதென்று தீர்மானித்தேன். அங்கத்தவர்கள் அனைவருக்கும் இதைத் தனித்தனியே அறிவித்தேன். எவரும் ஆட்சேபிக்கவில்லை. இங்கு அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதே முறை. ஆதாரம் போதாததால் விட்டுவிடுகிறேன்.

தாங்கள் அறிந்தபடி, பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் ‘கரையோர வரலாற்று வட்டம்’ என்றொன்றை இணையத்தில் நடத்துகிறேன். மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே அங்கே என் ஆய்வுகள் திறக்கும். தாங்கள் அங்கத்தவரல்ல என்பதாலும், தொலைபேசியில் சொல்லத் துணிவில்லை என்பதாலும் இதைக் கடிதமாக எழுதுகிறேன். தோஹா, லண்டன், ரொறன்ரோ என்று பல ஊர்களில் நம்மவர்கள் என்னை வாசிப்பதாக நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக ஒருவரும் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை என்பது, அவற்றைப் பட்டியலாக்கிய பிறகுதான் தெரிந்தது. நம்மவர்கள் கட்டுரையை விட்டாலும் பெயர்ப்பட்டியலை விடமாட்டார்கள்.

இம்முறை ஆய்வு, சித்தி லெய்லாவின் கொப்பியைப் பற்றியது. தொண்ணூறாம் ஆண்டு தாங்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது, காய்ச்சலிலும் களைப்பிலும் பால் வற்றிப்போன தாய்மாரின் குழந்தைகளை இந்த ஊர்ப் பெண்கள் தூக்கிப் பாலூட்டினார்கள். ஒரு தாயிடம் ஐந்து தரம் வயிறாரக் குடித்த பிள்ளை அவளுக்கு மகன், அவள் பெற்ற பிள்ளைகளுக்குச் சகோதரன், அவர்களுக்குள் திருமணம் கூடாது என்பது மார்க்கச் சட்டம். பிற்காலத்தில் தெரியாமல் யாரும் யாரையும் கட்டிவிடக் கூடாதென்று, அகதி முகாமில் உதவிக்கு நின்ற சித்தி லெய்லா, எந்தப் பிள்ளை யாரிடம் குடித்தது என்று ஒரு கொப்பியில் பெயரெழுதிக் கோடு போட்டுவைத்தார். எட்டு மாதங்களுக்கு முன் அதை என்னிடம் தந்தார், நான் அட்டவணையாக்கி, கட்டுரையின் முடிவில் அடிக்குறிப்பாக இட்டேன். பதினேழாவது பதிவில் பிள்ளை, எருக்கலம்பிட்டி ஸஹ்றாவின் மகன், ஊட்டியவர், எத்தாளை மாஸ்டரின் மனைவி, கோடுகள், நான்கு. ஐந்தாவதாக ஒன்று மங்கலாகத் தெரிகிறது. கோடாகவும் இருக்கலாம், தாளின் மடிப்பாகவும் இருக்கலாம்.

வழக்கமாக நான் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுவேன். ஆனால் போன வருடம் லண்டன் அங்கத்தவர் ஒருவர், “மாஸ்டர், சும்மா கிடைக்கிற இடத்திலயே எல்லாரும் ‘இருக்கலாம்’ எண்டுதான் எழுதுறாங்க. நாங்க சல்லி கட்டுறது ‘இருக்கு’ எண்டு கேக்கத்தான்” என்று எழுதியிருந்தார். நியாயமாகப் பட்டது. ஐந்து என்று எழுதினேன். எத்தாளை மாஸ்டர் நானே என்பதையும், என் மனைவி கமீலாவின் சேவையையும் சற்றுப் பெருமையோடு குறித்தேன். ஸஹ்றா யாரென்று எனக்குத் தெரியாது. சம்பந்தம் பேசிய ஆறு மாதமும் தாங்கள் ‘வீட்டில்’ என்றீர்கள். நானும் ‘வீட்டில் சுகமா’ என்றேன். பிறர் மனைவியின் பெயரைக் கேட்பது நமக்கு வழக்கமில்லை.

திங்கட்கிழமை தோஹாவிலிருந்து ஃபஹ்மியா என்ற அங்கத்தவர் கட்டுரையின் கீழ் எழுதினார்: “ஸஹ்றா எண்டா எங்கட மாமி. அவவுக்கு ஒரே மகன், ரிஃபாஸ் மச்சான். அவருக்கு வாற இருபதாம் திகதி உங்கட மகளோடதானே கலியாணம்?” இதற்கு அறுபத்திரண்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

கமீலாவிடம் கேட்டேன். “அந்தக் கிழம எந்தப் புள்ள அழுதாலும் தூக்கினேன். மூத்தவன் றிஸ்மின் கைப்புள்ள, எனக்குப் பால் இருந்திச்சு. யார்ட புள்ளையெண்டு கேட்டா குடுக்கிற?” என்றாள். நாலா, அஞ்சா என்று நான் விடாமல் கேட்க, “பசிச்சது புள்ளைக்கு. உங்கட வட்டத்துக்கில்ல” என்று குசினிக்குள் போய்விட்டாள். பிறகு மௌலவியிடம் போனேன். கட்டுரை அவர் கைபேசியிலேயே இருந்தது. அவர் சந்தா கட்டியவரல்ல. “எண்ணிக்கையில சந்தேகமெண்டாத் தடை இல்ல மாஸ்டர். நாலோ அஞ்சோ எண்டு எழுதியிருந்தா நானே நிக்காஹ் நடத்தி வைப்பேன்” என்றார். “சந்தேகம்தான் மௌலவி” என்றேன். “எங்க? நீங்க சந்தேகமே இல்லாம எழுதியிருக்கீங்களே” என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினார். அன்றே திருத்தம் வெளியிட்டேன். லண்டன்காரர் கட்டுரையிலிருந்த கொப்பிப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி வாக்கெடுப்பு வைத்தார். மடிப்பு என்றோர் பத்தொன்பது பேர், கோடு என்றோர் நாற்பத்துமூன்று பேர். ஒருவர், கலியாணச் சாப்பாடு கோழியா ஆடா என்று கேட்டிருந்தார்.

மகள் நிஃப்லா அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். கலியாண உடுப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, “வாப்பா, உங்களுக்குத் தெரியாத ஒண்டுமே உலகத்துல இல்லயா?” என்றாள். இருபத்தெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவன் நான்.

ஆகவே ஹாஜியார், நான் கேட்பது ஒன்றுதான். யாராவது வந்து என்ன கதை சொன்னாலும் அவசரப்பட்டுக் கலியாணத்தை நிப்பாட்டிப் போடாதீங்க. பிள்ளைகள் ரெண்டும் மனசால ஒத்துப்போயிட்டுதுகள். ரிஃபாஸுக்கு முப்பத்தைந்து வயதாகிறது, இனி எங்கே போய்த் தேடுவது. சித்தி லெய்லா பள்ளிவாசல்துறையில் மகளோடு இருக்கிறார். இன்னும் நினைவு தெளிவு. நாளைக் காலை போய், ஐந்தாவது கோடு மடிப்புத்தான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு, மௌலவியிடம் ஒப்புவிக்கிறேன். அத்தோடு இது தீர்ந்துவிடும்.

தங்கள் வீட்டாருக்கும், பெயர் தெரிந்துவிட்டபடியால் ஸஹ்றா அவர்களுக்கும், எங்கள் ஸலாம். அல்லாஹ் நம் இரு வீட்டையும் ஒரே குடும்பமாக ஆக்குவானாக.

இப்படிக்கு,
எம். ஸலாஹுதீன்
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பி.கு.: வெள்ளி மாலை. கடிதத்தை அனுப்புமுன் பள்ளிவாசல்துறைக்குப் போய்வந்தேன். கேள்விப்பட்டுத் தங்கள் மகன் ரிஃபாஸும் வந்திருந்தார். சித்தி லெய்லா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, “இது மடிப்பு. கோடு நாலுதான்” என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். “ஒரு கோடு ஒரு நாளைக்கு மாஸ்டர். நாலு நாளும் இராப்பகலாக் குடிச்ச புள்ள. ஒவ்வொரு தரத்துக்கும் கோடு போட எனக்கெங்க நேரம்? எட்டு மாசமா வெச்சிருந்தீங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.

ரிஃபாஸ் என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அண்ணன் றிஸ்மின் முன் வருவதுபோல நிஃப்லா முக்காடு இல்லாமல் வந்து அவருக்குத் தேநீர் வைத்தாள்.