பேலன்ஸ்டு கேபிளும் ஹால்ல கேட்ட "ம்ம்ம்" சத்தமும்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாட்டு செட்டுக்குக் கேபிள் மாத்தணும்.

சிவகாசியில கீழ என் பிரஸ், மேல என் வீடு. பட்டாசு லேபிள் சீசன் ஆரம்பிச்சதும் ஆசை ஆசையா ஒரு ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்கி ஹால்ல வச்சேன்.

பாட்டு நல்லாத்தான் பாடுது. முடிஞ்சதும் ஒரு சத்தம். "ம்ம்ம்ம்ம்..."

விருதுநகர்ல இருக்கிற மச்சினன் செல்வத்துக்குப் போன் போட்டேன். வீடியோ பார்த்தே ஆடியோ எஞ்சினியர் ஆனவன்.

"என்ன கேபிள் போட்டிருக்கீக அத்தான்?"

"செவப்பு, வெள்ளை பின்னு."

"சிங்கிள் எண்டட்! வெளங்கும்! அது ஊர்ல உள்ள எரைச்சலையெல்லாம் இழுத்துட்டு வந்துரும். ஆம்ப் பின்னாடி மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும் பாருங்க. அதுக்குப் பேலன்ஸ்டு கேபிள் வாங்குங்க. ஒரே சிக்னல் ரெண்டு வயர்ல நேரா ஒண்ணு, தலைகீழா ஒண்ணு போவும். வழியில ஏறுன எரைச்சல் அடிபட்டுப் போயிரும்!"

ஒண்ணும் புரியல. புரியாததால நம்பிட்டேன்.

வீட்டுக்காரி கேபிள் விலையைப் பார்த்தா.

"இதுக்கும் சத்தம் போகலைன்னா செட்டு என் தம்பி வீட்டுக்குப் போயிரும். ஹால்ல நடக்க எடமில்ல!"

"தாராளமா தூக்கிட்டுப் போகட்டும்!"னு வீறாப்பா சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை கேபிளை மாட்ட செல்வமே நேர்ல வந்தான். லோடு ஆட்டோவுல! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மாட்டினோம். பாட்டு முடிஞ்சது.

"ம்ம்ம்ம்ம்..."

பிளக்கைத் திருப்பிச் சொருகினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். வேர்த்ததுதான் மிச்சம்.

"ஏலே, தூக்குலே"ன்னா வீட்டுக்காரி.

அம்புட்டையும் கழட்டி ஏத்திட்டுப் போயிட்டான். காலி ஹால்ல உக்காந்தேன். அழுகையே வந்துருச்சு.

"ம்ம்ம்ம்ம்..."

"ஏம்மா! உனக்குக் கேக்குதா?"

"எது?"

"அந்தச் சத்தம்!"

"அது கீழ நம்ம மெஷினுல்ல! ஞாயித்துக்கிழமையும் ஓட்டச் சொன்னது நீங்கதான?"

எத்தனையோ வருசமா அந்த மெஷினுக்கு மேலதான் படுத்துத் தூங்குறேன். அது ஒரு சத்தம்ங்கிறதையே என் காது மறந்து போச்சு. பாட்டுக்காகக் காதைத் தீட்டுனதும் பழியைச் செட்டு மேல போட்டிருக்கேன்!

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"வண்டியத் திருப்புலே! செட்டுல கோளாறே இல்ல!"

"ஆமத்தூர் தாண்டிட்டேனே அத்தான், வீடே நெருங்கிருச்சு. அக்காட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

அக்கா ஹால் நடுவுல காலை நீட்டி உக்காந்திருந்தா. "எம்புட்டு எடம் பாருங்க!"

சாயங்காலம் செல்வமே கூப்பிட்டான். "அத்தான், இங்கன பொட்டுச் சத்தம் இல்ல! சும்மா தேனாப் பாடுது!"

"பாடாதா பின்ன? பேலன்ஸ்டு கேபிளாச்சே!"

"அதை எங்க மாட்டுனேன்? பழைய செவப்பு வெள்ளைதான் மாட்டியிருக்கேன். புதுக் கேபிளை வச்சுத்தான ஸ்பீக்கரை ஆட்டோவுல இழுத்துக் கட்டுனேன்!"

ஆக, பேலன்ஸ்டு கேபிள் வாங்க நினைக்கிறவங்களுக்கு நான் தைரியமாச் சொல்லுவேன்: லோடு கட்டினா அவுறவே அவுறாது.