கியோட்டோவில் பொங்கிய பால்

நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஃபஹாஹீலில் பத்தொன்பது டிகிரி, கடல் பக்கம் லேசான மூடுபனி. அந்த வேளையில் ஒரு மனிதன் குவைத்தில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானில் பால் காய்ச்சினான். அந்த அசடு நான்தான்.

எண்ணெய்க் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணியவன் நான். குடியிருந்தது ஏழு வாடகை ஃபிளாட்டுகளில். ஒரு சுவரிலாவது கேட்காமல் ஆணி அடித்ததில்லை. டிசம்பரோடு வேலை முடிகிறது, கூடவே இகாமாவும் (இங்கே தங்குவதற்கான அனுமதி, அது போனால் நாமும் போக வேண்டியதுதான்). திருச்சியில் ஒரு ஃபிளாட் போதும் என்றாள் மனைவி ஜானகி. அப்போது பார்த்துத்தான் கைப்பேசியில் அந்த வீடு வந்தது.

கியோட்டோவில், குடை விரித்தால் இருபக்கமும் இடிக்கும் சந்துக்குள் ஒரு பழைய மரவீடு. ஜன்னல் ஆறு, மாடிப்படி பதினொன்று. முற்றத்தில் இலை உதிர்ந்த ஒற்றை மரம், அதில் ஆரஞ்சு நிறத்தில் இருபத்து மூன்று பழங்கள். அந்த வீடியோவை ஓடவிட்டபடியே தினமும் தூங்கிப்போவேன். அவ்வளவு விலை உயர்ந்த ஊரில் இது மட்டும் எங்கள் சேமிப்புக்குள் அடங்கியது. ஏன் என்பதை ஏஜென்ட் ஹருகா மறைக்கவில்லை: சந்து குறுகல், ஆகவே இடித்தால் மறுபடி கட்ட அனுமதி கிடையாது.

“என்னையும்தான் இடிச்சா மறுபடி கட்ட முடியாது” என்று ஜானகியிடம் சொல்லிவிட்டு, ஒப்பந்தம் போட்டு முன்பணம் அனுப்பினேன்.

பால் காய்ச்ச மட்டும் பொறுமை இல்லை. ஹருகாவைக் கெஞ்சினேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் கேஸ் அடுப்போடு போனார். எங்கள் ஹாலில், வீடியோ கால் ஓடிய டிவி முன்னால் பதினான்கு பேர். தொழுகை முடித்து வந்த கீழ்த்தள மளிகைக்கடைக் காசிம் பாய்க்கு முன்வரிசை.

அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வீட்டின் தென்கிழக்கில் இருந்ததோ, தரை முழுக்கக் கோரைப்பாய் பதித்த படுக்கையறை. ஹருகா ஒருகணம் தயங்கி, பாய்மேலேயே அடுப்பை வைத்தார்.

பால் எழும்பியது. சட்டென்று தணித்தார். மறுபடி எழும்பியது, மறுபடி தணித்தார். (அவர் ஊரில் பால் வழிந்தால் அவமானம், நமக்கு வழியாவிட்டால்.)

“விடுங்க! வழியட்டும்!” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கையை எடுத்தார். வழிந்தது. பதினான்கு பேரும் கைதட்டினார்கள்.

“மாஷா அல்லாஹ், வூடு ஜோரா இருக்குண்ணே,” என்றார் காசிம் பாய். “இகாமா எப்ப அடிச்சுத் தருவாங்க?”

துபாயில் ஃபிளாட் வாங்கிய மச்சானுக்கு விசா கிடைத்திருந்தது. ஆகவே இதை நான் யாரிடமும் கேட்டுப் பார்த்ததே இல்லை. பெருமையாக ஹருகாவிடம் கேட்டேன்.

அவர் குனிந்து வணங்கினார். “மன்னிக்க வேண்டும். வீடு வாங்கினால் வீடு மட்டும்தான் கிடைக்கும்.”

திரையில் பால் மெல்லப் பாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்,” என்றாள் ஜானகி. “நீங்க பார்த்த நல்ல நேரம் குவைத்துக்கு. அங்க இப்ப மணி பதினொண்ணு பத்து. வெள்ளிக்கிழமை. ராகு காலம்.”

காசிம் பாய்தான் முதலில் சிரித்தார்.

இப்போது திருச்சியில், எங்கள் சொந்தச் சுவரில் ஒன்பது ஆணிகள். மதியத் தூக்கத்தில் அந்த மாடிப்படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறேன், பதினொன்றாவது படியில் கால் வைப்பதற்குள் அடுக்களையிலிருந்து ஜானகியின் குரல் வரும்: “என்னங்க, கியோட்டோ வழியுது! ஓடி வாங்க!”

பாலுக்கு மட்டும் ஹருகா காசு வாங்கவில்லை. திரும்பி வராத முன்பணமும் புதுக் கோரைப்பாய் ஒன்றும் சேர்த்து, தொள்ளாயிரத்து நான்கு தினார், இருநூற்றைம்பது ஃபில்ஸ்.