காப்பிக்கொட்டையும் கணக்கு மெஷினும்

புதிதாக எதையாவது படிக்கப் போகிறவனை முதல் ஆறு மாதம் வீட்டில் வாயைத் திறக்கவே விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் கணக்குப்பதிவு படிக்கச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சோறு போட்டால், "எனக்குப் பற்று, பானைக்கு வரவு" என்பேன். (கரண்டியால் அடி விழாதது அம்மாவின் பெருந்தன்மை.)

எங்கள் சாருக்கு உயிரே ஒரு கணக்கு மெஷின்தான். கறுப்பு இரும்பு உடம்பு, மேலே வரிசையாகக் கீறல் கீறலாக ஓட்டைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. எண்களை வைத்துப் பிடியைச் சுற்றினால் பெருக்கல்கூட நொடியில் வந்துவிடும். திங்கட்கிழமை அதில்தான் செய்முறைத் தேர்வு. தேறினால் ஏலக்காய்க் கம்பெனியில் கிளார்க் வேலை. நானோ பேனாக் கணக்கையே மறந்துவிட்டு மெஷினே கதி என்று கிடந்தவன். பழகிப் பார்க்க வேண்டும் என்று சாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

அன்றைக்கென்று குரங்கணியிலிருந்து தாய்மாமா வந்திருந்தார், ஒரு பை வறுத்த காப்பிக்கொட்டையோடு.

"என்ன மாப்ளே இது, பிடியெல்லாம் வச்சிருக்கு?"

கூட்டல், பெருக்கல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் படித்தவன் கெத்து என்ன ஆவது?

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாமா. மேல போடணும், சுத்தணும், கீழ வந்துரும். அம்புட்டுதேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வீடே கமகமவென்று இருந்தது. மாமா மெஷினை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா கீழே கிண்ணம் பிடித்திருந்தாள். உள்ளேயிருந்து 'டிங்' என்று மணி அடித்தது.

"மணியடிக்குது பாருக்கா, அரைஞ்சிருச்சு!"

"அய்யய்யோ மாமா! என்ன காரியம் பண்ணீங்க!"

"கத்தாதப்பா. நீ சொன்னபடிதேன் செஞ்சேன். ஓட்டை சின்னதா இருக்குன்னு கொட்டையை உடைச்சு உடைச்சுப் போட்டேன். சோப்ளாங்கி மெஷினு மாப்ளே, எங்க வீட்டுல இருக்கறது இதைவிட வெரசா அரைக்கும்."

ஊக்கு, ஈர்க்குச்சி, அம்மாவின் கொண்டை ஊசி எல்லாவற்றையும் விட்டுக் குடைந்தேன். பாதி வந்தது. மீதி உள்ளேயே குடியேறிவிட்டது. சாரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை, மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னார். சுற்றினேன். மெஷின் கரகரவென்று இருமி, எழுபத்தேழாயிரத்துச் சொச்சம் என்று விடை காட்டி, அவருடைய வெள்ளைச் சட்டையில் காப்பித்தூளைத் துப்பிவிட்டு நின்றுபோனது. அவர் சட்டையை மோந்து பார்த்தார். சார் என்னைப் பார்த்தார்.

"மெஷினே வேண்டாம். எல்லாரும் பேப்பர்ல போடுங்க" என்றார் தேர்வாளர்.

மெஷினைக் கண்டாலே ஓடி ஒளிந்த என் கூட்டாளிகள் அத்தனை பேரும் தேறினார்கள். நான் மட்டும் ஃபெயில். அவர்கள் ஒன்றுகூடி எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னதுதான் பெரிய கொடுமை. அதே கம்பெனியில் எனக்குக் கிடைத்தது, மூட்டைகளுக்கு மையால் நம்பர் போடும் வேலை.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும், டேப் ரெக்கார்டர் வந்தாலும், மகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தாலும், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "காப்பி அரைக்குமா?"

மாமாவுக்கு மட்டும் இன்றுவரை துளி வருத்தம் கிடையாது. பேச்சு எடுத்தாலே முகம் மலர்ந்துவிடும்.

"வேலை கெடக்கட்டும் மாப்ளே. காப்பி நல்லாத்தேன் இருந்துச்சு. லேசா மெஷினு எண்ணெய் வாடை, அம்புட்டுதேன். எங்கக்கா ரெண்டாவது டம்ளரும் கேட்டுச்சுல்ல!"