ரவுண்டானாவில் உட்கார்ந்த கருங்கல் நாய்

வெர்ம்லாந்து,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள ஹில்டிங் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் தூவா எழுதுவது. இங்கே நலம். உங்கள் முழங்கால் குளிருக்கு இன்னும் இடம் கொடுத்திருக்காது என்று நம்புகிறேன்.

நாற்சந்தியில் ரவுண்டானா கட்டும் திட்டத்தை நான் விளக்கிய வசந்தகால ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பிர்கிட் அத்தை இறந்துபோனது உங்களால் அல்ல, மாமா, அந்த நாற்சந்தியால். காரை ஓட்டிய நீங்கள் ஒரு கணம் கவனிக்கவில்லை, லாரி அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் வந்து மோதியது. இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் எழுந்து, "இவளுக்கு சைக்கிள் கத்துக்குடுத்ததே நான்தான், இப்ப எனக்கே ரோடு காட்டுறா! ஒழுங்கா பாத்து ஓட்டுறவனுக்கு எதுக்கும்மா ரவுண்டானா?" என்றீர்கள். கூடமே சிரித்தது. பாதிரியார் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நான், "அடுத்த கேள்வி" என்றேன்.

ரவுண்டானா வந்தது. ஒரு காலை அதன் நடுத்திட்டில் நாய் உட்கார்ந்திருந்தது. வீட்டில் செய்த நாய்ப் பொம்மையை ரவுண்டானாவில் வைப்பது நம் நாட்டு ஜனங்களின் வழக்கம்தான், யாரும் கோபிப்பதில்லை, ஆனால் மற்றவர்கள் பலகையில் செய்கிறார்கள், வைக்கோலில் செய்கிறார்கள், நீங்கள் டிராக்டர் கட்டி இழுக்கிற கருங்கல்லில் செதுக்கினீர்கள், அதுவும் அத்தை வளர்த்த நாயின் அதே முகம், அதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பளிக் குல்லாய் போட்டார்கள், பேக்கரி உல்லா தினமும் ஏலக்காய் பன் வைத்தாள், பன்னைக் காகம் தின்றது, காகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டிய தபால்காரர் வெளியேறத் தெரியாமல் மூணு சுத்து சுத்தினார், என் மேலதிகாரியோ "உன் மாமாகிட்ட நீயே பேசும்மா, அவரும் நானும் ஒரே வேட்டைக் குழு, பகைச்சுக்கிட்டா எனக்கு மான் கறி வராது"ன்னு கழண்டுக்கிட்டார், சரின்னு நான் போன் பண்ணினா நீங்க, "நாய் யாரையாவது கடிச்சுதா?"ன்னு கேட்டு வச்சிட்டீங்க.

கடிக்கும், மாமா. ஒருநாள் யாரோ கண்ணயர்ந்து வருவார், அல்லது அழுதுகொண்டே ஓட்டுவார். மனிதர் தவறத்தான் செய்வார்கள். தவறியவரும் உயிரோடு வீடு திரும்பும்படி ரோடு போடுவதுதான் என் வேலை. திட்டின் நடுவே புல்லும் மண்ணும் போதும். நேரே ஏறிவிடும் காருக்கு எதிரே கல் இருக்கக் கூடாது. அன்று அங்கே ரவுண்டானா இருந்திருந்தால், உங்கள் தவறுக்கு ஒரு கதவு நசுங்கியிருக்கும். அவ்வளவுதான். தயவுசெய்து நாயை எடுத்துவிடுங்கள். வைக்கோலில் செய்தால் கண் தைத்துத் தருகிறேன்.

வேட்டைக் குழுவினருக்கு என் வணக்கம். மான்களுக்கு என் அனுதாபம். பனி உங்கள் வாசலில் மெதுவாக இறங்கட்டும்.

உங்கள்
தூவா

பி.கு.: நாயைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் போடத்தான் இன்று காலை கிளம்பினேன். இந்த வருஷத்தின் முதல் உறைபனி. சந்தியில் பிரேக் பிடிக்கவில்லை. கார் நேரே நடுத்திட்டில் ஏறி, புல்லை உழுதுவிட்டு நின்றது. நாளைக்கு ரோடு வழுக்கும் என்று சொல்லி, நேற்றே நீங்கள் டிராக்டரில் தனியாக வந்து நாயை எடுத்துப் போய்விட்டீர்களாம், உல்லா ஓடிவந்து சொன்னாள். எனக்கு ஒரு கீறலும் இல்லை.