அணைத்துவிட்டதாகச் சொன்ன கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டரை அணைப்பதா, ஓடவிடுவதா என்பதில் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எங்கள் வீடு வந்துவிட்டது. அதற்கு விலையாகப் போனது என் மானம்.

அப்போது வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். ஹாலின் மூலையில் என் கம்ப்யூட்டர். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளுக்கு மெனு கார்டு வடிவமைப்பது என் தொழில். (‘தோசைக்குப் பூ போட்ட பார்டர் போடறதெல்லாம் ஒரு தொழிலா?’ என்பார் அப்பா.) அடிக்கடி அணைத்தால் கம்ப்யூட்டரின் ஆயுள் குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். எங்கே என்று கேட்காதீர்கள். அணைத்தால் அது மறுபடி எழுந்திருப்பதற்குள் ஒருவர் குளித்து, தலை துவட்டி, டிபனும் முடித்துவிடலாம் என்பதுதான் உண்மைக் காரணம்.

அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத இடத்தில் எதுவும் ஓடக் கூடாது என்பது அவர் கட்சி. ஆள் இருக்கும்போதே ஃபேனை அணைத்துவிட்டுப் போவார்.

“இன்னாடா, அது பாட்டுக்கு ஓடிக்கினு கெடக்குது? கரண்டு ஜாஸ்தியாவுது பாரு.”

“அணைச்சா கெட்டுடும்பா.”

“அப்ப நீயும் தூங்காத. கெட்டுடுவ.”

இந்தச் சண்டைக்கு நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். மானிட்டரை மட்டும் அணைத்துவிடுவது. திரை கறுத்தால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று அப்பா நம்பினார். மேசைக்கு அடியில் கேட்கும் முனகலை ஃப்ரிட்ஜ் சத்தம் என்று சொல்லிவைத்திருந்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டு திரிந்த காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ரேவதிக்கு ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு பெங்களூரில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். நேரில் வருவதற்கு முன்னால் ஒருமுறை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் முடிவு செய்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் அம்மா விடியற்காலையிலேயே அருணாசலேஸ்வரரிடம் போய் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பேச்சு நன்றாகவே நடந்தது. அதாவது, பையனின் அம்மா பேசினார், நாங்கள் கேட்டோம். பையன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா தலையாட்டினார். கடைசியில் ‘நீங்க வைங்க’, ‘பரவால்ல, நீங்க வைங்க’ என்று இரண்டு பக்கமும் மரியாதை பொங்கி வழிந்ததில் ஒருவரும் வைக்கவில்லை.

“டேய், அணைச்சுடு” என்றார் அப்பா. பழகிப்போன விரல் நேராக மானிட்டர் பொத்தானுக்குப் போனது. திரை கறுத்தது. தூசி படக் கூடாதென்று அம்மா அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள். துண்டு கேமராவையும் மூடியது. ஆரணியில் அவர்கள் லேப்டாப்பிலும் இருட்டு. பேச்சு முடிந்துவிட்டது என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

இங்கே விமர்சனம் ஆரம்பமானது.

“பையன் லட்சணமாத்தான் இருக்கான். அந்தம்மா மூச்சு எப்ப உடறாங்கன்னுதான் தெரியல” என்றாள் அம்மா.

“அவரு பாவம், மண்டைய ஆட்டியே கழுத்து தேஞ்சிருக்கும்” என்றார் அப்பா.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரேவதியின் துப்பட்டாவைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு பையனின் அம்மாவாகவே மாறினேன். “எங்க பையன் வெளிச் சாப்பாடே தொடமாட்டாங்க! தண்ணிகூட வீட்லருந்துதாங்க!” என்று குரலை இழுத்தேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்? இன்னொருமுறை, இன்னும் சத்தமாகச் செய்தேன்.

“எல்லாம் சரி, அவரு பேசுவாரா? இல்ல, கல்யாணத்துக்கு அப்பறமும் அவங்கம்மாதான் டப்பிங்கா?” என்று கேட்டாள் ரேவதி.

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

“பேசுவாம்மா. அவங்கம்மா பக்கத்துல இல்லன்னா நல்லாவே பேசுவான்.”

அம்மா ‘முருகா’ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா துண்டை இழுத்தார். கறுத்த திரை. “அணைச்சிருக்குதேடா! எப்பிடிடா பேசுது?”

மானிட்டரைப் போட்டேன். திரை முழுக்கப் பையனின் அப்பா, கையில் காபி டம்ளர், முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த சந்தோஷம்.

“தம்பி, அந்த வெளிச் சாப்பாடு... இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார்.

அவருக்குப் பின்னால் கதவோரத்தில், கையில் கரண்டியோடு பையனின் அம்மா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, இன்னொரு தடவை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அம்மாவைப் பேச விட்டிருக்கலாம். நான் பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்பா என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.

“இத்தினி நாளா அணைடா அணைடான்னு கத்தனேன். இப்பதான் உனக்கு அணைக்கணும்னு தோணுச்சா?”

ரேவதி துப்பட்டாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் அதிகமாக வலித்தது. விளையாட்டுக் காட்டுகிறேன் என்று தங்கையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனோ என்று அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. பையனின் அம்மாதான். “ஞாயித்துக்கெழம நேர்லயே வர்றோங்க. ஆனா உங்க பையன் வீட்ல இருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். சரியாகவே வைத்தார்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். காபி குடித்ததும் அந்தம்மா என்னைப் பார்த்து, “எங்க, செய்” என்றார். அப்பா தரையைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல, “எங்க பையன் வெளிச் சாப்பாடே...” என்று முனகினேன்.

“நல்லால்ல. அன்னிக்குச் செஞ்சல்ல, அது. நான் ‘சாப்பாடே’ல நல்லா இழுப்பேன்” என்றவர், தானே எழுந்து தன்னைப்போலவே நடித்துக் காட்டினார். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான்.

“மூணு வருஷமா பெங்களூர்ல ஓட்டல்லதாம்மா சாப்பிடறேன்” என்று உண்மையைப் போட்டு உடைத்தான். அவன் எங்கள் வீட்டில் பேசிய முதல் வாக்கியம் அது. கதவுக்குப் பின்னால் ரேவதி சிரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தை மாதம் கல்யாணம்.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்கவில்லை. இப்போது வேறொன்று வாங்கியிருக்கிறேன். வேலை முடிந்ததும் முறைப்படி அணைத்து, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆனால் பெயர் போகவில்லை. ரேவதியின் மகன் என்னை ‘ஆஃப் மாமா’ என்றுதான் கூப்பிடுகிறான். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணத் தெரியாத மாமாவாம். சொல்லிக்கொடுத்தது அவனுடைய ஆரணிப் பாட்டி. போன மாதம் ஒரு காதுகுத்தில், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து “ஆஃப் மாமா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். எனக்குப் பக்கத்து இலைப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தெனமும் ஆஃபா தம்பி? உடம்பு தாங்காதுப்பா. குவாட்டரோட நிறுத்திக்க” என்றார்.