குழாய்த் தண்ணீருக்கும் கொலஸ்ட்ரால்

உடலுக்குள் கடிகாரம் என்று எதுவும் கிடையாது. சீக்கிரம் தூங்குவது கோழைகள் கண்டுபிடித்த பழக்கம். விடிகாலை நடைப்பயிற்சி என்பது போக்கிடம் இல்லாதவர்களின் ஊர்வலம். கல்லூரிப் பகுத்தறிவு மன்றத்தின் தலைவரும் செயலாளரும் ஒரே உறுப்பினருமான நான் இதை முழுப் பொறுப்போடு அறிவித்திருந்தேன். ஏமாற்ற முடியாத மனிதன் என்று ஒருவன் இருந்தால், அவன் எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தான்.

அதே வீட்டின் கீழறையில் அம்மா இதய மாத்திரையை நிறுத்தியிருந்தாள்.

காரணம், மூடிக்கிடந்த உடற்பயிற்சிக் கூடத்தில் கடை விரித்திருந்த உயிர்க்கடிகார நிபுணர். ஊரே அங்கேதான் கிடந்தது. வங்கி மேலாளர் வரிசையில் நின்றார். எங்கள் இயற்பியல் பேராசிரியர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மறைத்த கையில் செப்புக் காப்பு மின்னியது.

நிபுணரின் தத்துவம் எளிமையானது. மனிதரில் இரண்டே வகை. சேவல் விடியலில் விழிக்கும், இரத்தம் சுத்தம். ஆந்தை இரவில் விழிக்கும், இரத்தமெல்லாம் கொழுப்பு. அவர் விற்கும் செப்புக் காப்பை மாட்டினால் ஆந்தை சேவலாகிவிடும். மாட்டிய பிறகு மாத்திரை விழுங்கினால் கடிகாரம் குழம்பிவிடுமாம்.

"போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது மறந்துபோச்சாம்மா? ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"டாக்டர் சொன்னார். இவர் காட்டினார்டா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவர் காட்டியது இதுதான். காகிதக் குவளையில் எச்சில் துப்ப வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றுவார். ஆந்தை என்றால் எண்ணெய் மிதக்கும். காப்பு போட்டு ஒரு வாரம் கழித்துத் துப்பினால் ஒரு பொட்டுகூட மிதக்காது.

மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்கும் உரையோடு கூடத்துக்குள் நுழைந்தேன். முதல் வாக்கியம்கூட முடியவில்லை.

"தம்பி நல்லாப் பேசறார்," என்றார் நிபுணர். "துப்பச் சொல்லுங்க."

துப்பினேன். தண்ணீர் ஊற்றினார். எண்ணெய் வட்டங்கள் மஞ்சளாக மிதந்து வந்தன.

"அய்யோ, இந்த வயசுலயேவா!" என்றது கூட்டம்.

"இவனுக்குக் கொழுப்புன்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது," என்றாள் அம்மா.

பகுத்தறிவு மன்றம் அங்கேயே கலைந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. இடது பக்கமா என்று கவனித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று வலது பக்கமும் அடைத்தது. "காப்பு என்ன விலைங்க?" என்று கேட்ட குரல் என்னுடையதுதான். வாங்காமல் திரும்பியதற்குக் காரணம் அறிவு அல்ல, காலிச் சட்டைப்பை.

மறுநாள் மாத்திரையும் கையுமாகக் கெஞ்சுவதற்கு, அம்மா வரவேற்பாளராக வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போனேன். உள்ளே நாற்காலியில் பேக்கரிக்காரர். முந்தின நாள் என்னைவிட அதிகமாக எண்ணெய் மிதக்கவிட்டவர். வாயைக் கொப்பளித்துக் காகிதக் குவளையில் துப்பினார். எட்டிப் பார்த்தேன். ஒன்றும் மிதக்கவில்லை.

"என்ன தம்பி தேடறீங்க?" என்றார் பல் மருத்துவர்.

"எண்ணெய், டாக்டர்."

"இங்க பல்லுதான் கிடைக்கும்."

வாய் அதே வாய். குவளைதான் வேறு! அப்போதுதான் உறைத்தது. நிபுணரின் மேசையில் இரண்டு அடுக்குகள். புதிதாக வருபவருக்கு இடது அடுக்கிலிருந்து குவளை. காப்பு மாட்டியவருக்கு வலது அடுக்கிலிருந்து.

அன்று மாலை உரையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "தாகமா இருக்கு," என்று இடது அடுக்கில் ஒரு குவளையை உருவி ஊற்றினேன்.

எண்ணெய் மிதந்தது.

"யாருமே துப்பலையே!" என்றார் பேக்கரிக்காரர். "அப்போ யாருக்குக் கொலஸ்ட்ரால்?"

"எங்க வீட்டுக் குழாய்க்கு."

"தம்பி கை பட்ட தோஷம்..." என்று ஆரம்பித்தார் நிபுணர்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். இடது அடுக்கிலிருந்து தானே ஒன்றை எடுத்து, அடியில் விரலை விட்டுத் தேய்த்தாள். விரல் பளபளத்தது.

"அடப்பாவி, தடவி வெச்சிருக்கானே!" வலது அடுக்கிலிருந்து இன்னொன்றை உருவி என்னிடம் நீட்டினாள். "துப்புடா."

துப்பினேன். தண்ணீர் ஊற்றினாள். பளிங்கு போல இருந்தது.

"பாருங்க! காப்பே போடாம என் மகன் சேவலாயிட்டான்!"

கூட்டம் மேசையை நோக்கி நகர்ந்தது. நிபுணர் அந்தக் கூடத்தில் முதன்முறையாக உடற்பயிற்சி செய்தார். பின்வாசல் வழியாக ஓடினார். இயற்பியல் பேராசிரியர் காப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கூரையின் அமைப்பை ஆராய்ந்தார்.

அம்மா அன்றே மாத்திரையைப் போட்டாள். மறுநாள் இதய மருத்துவரிடம் என்னையும் இழுத்துப் போனாள். நான் என் வெற்றியை விவரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காப்பு பொய்தான். ஆனா உடம்புக்குள்ள கடிகாரம் இருக்கறது பொய் இல்லை தம்பி. ராத்திரி முழிக்கறவங்களுக்குக் கொலஸ்ட்ராலும் இதயமும் கொஞ்சம் மோசமா இருக்கறதா ஆய்வுகள் சொல்லுது. அதுல பெரும் பங்கு பழக்கம். கண்ட நேரத்துல தின்னு, நடக்காம, தூக்கத்தைக் கெடுத்துக்கறது. நீங்க எப்போ தூங்குவீங்க?"

"விடியறப்போ," என்று முந்திக்கொண்டாள் அம்மா. "வறுத்தது பொரிச்சது எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான்."

இருவருக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. மாத்திரையை விட்ட புண்ணியத்தில் அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. எனக்கும் ஏறியிருந்தது. இந்த முறை யாரும் குவளையில் எண்ணெய் தடவவில்லை.

ஆகவே பொதுமக்களே, உங்கள் இரத்தத்தில் என்ன மிதக்கிறது என்று எவன் காட்டினாலும், முதலில் குவளையைக் கழுவச் சொல்லுங்கள். அவன் முகம் வெளுத்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். அப்படியே, "என்னை ஏமாற்ற முடியாது" என்று எவனாவது மேடை போட்டுச் சொன்னால் அவனையும் ஒரு பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இன்று விடிகாலை மைதானத்தில் அம்மா நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"கூட வர்றதுன்னா வாயேன்டா. ஏன் பத்தடி தள்ளி வர்றே?"

"நான் நடக்கலம்மா. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"சரி, கையை வீசி வா."

வீசினேன்.